பனம்பூவில் மாவலி கட்டிய கதை: குழி மூட்டியதிலிருந்து பொறி பறந்தது வரை

எங்கள் ஊரில் மாவலி சுற்றத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, ஏரிக்கரை நெடுகப் பனை நிற்கிற ஊர் இது. இங்கேயே கார்த்திகை தீபத்தன்று பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்புதான் இருக்கிறது. இந்த வருஷம் தெருப் பிள்ளைகளுக்கு நாமே மாவலி கட்டிக் கொடுப்பது என்று பெரியப்பாவிடம் சொன்னேன். "கட்டலாம்ப்பா, பூ இருக்கணுமே" என்றார். அப்புறம் என்னென்ன செய்தோம் என்பதை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன். அடுத்த வருஷம் யாராவது கட்ட நினைத்தால் கேட்டுத் திரிய வேண்டியிருக்காது.

மாவலியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பனம்பூவைக் கருக்கிக் கரியாக்கி, பொடித்து, பருத்தித் துணியில் இறுக்கமாகச் சுருட்டி, பனை மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, கனல் வைத்துத் தலைக்கு மேலே சுற்றுவார்கள். பொன் நிறத்தில் பொறி பறந்து ஆளைச் சுற்றி வட்டமாக விழும். மருந்து, உலோகத்தூள் எதுவும் கிடையாது. கம்பி மத்தாப்பில் மருந்தும் அலுமினியப் பொடியும் இரும்புத் தூளும் சேர்ந்து செய்கிற வேலையை இங்கே கரியும் காற்றும் மட்டுமே செய்கின்றன.

முதலில் பூ. இது ஆண் பனையின் பூவாகத்தான் இருக்க வேண்டும். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கும் பழமும் பெண் மரத்தில்தான். ஆண் மரத்தின் பாளையில் விரல் விரலாக நீண்டு, செதில் செதிலாகப் பூ வரும். காய்ந்ததும் கறுத்து மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். அதைப் பொறுக்க வேண்டும். கார்த்திகை வரட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசி மழை எல்லாவற்றையும் நனைத்து ஊற வைத்துவிடும். அதனால் ஆடி, ஆவணியிலேயே பொறுக்கிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும் என்பது பெரியப்பாவின் கணக்கு. அப்படித்தான் செய்தோம். கையில் எடுத்து ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதை மறுபடி வெயிலில் போட வேண்டும்.

பொறுக்கப் போனபோதுதான் ஒன்று மனதை உறுத்தியது. ஏரிக்கரையில் நிற்பவை பெரும்பாலும் பெண் பனைகள். ஆண் மரங்கள் ஒவ்வொன்றாகச் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. நுங்கு தராத மரம் எதற்கு என்று விற்றுவிடுகிறார்கள். உண்மையில் ஆண் மரத்துப் பாளையைச் சீவினாலும் பதநீர் இறங்கும். மகரந்தம் ஆண் மரத்திலிருந்து வந்தால்தான் பெண் மரத்தில் காய் பிடிக்கும். மாவலிக்கும் அதுதான் மூலம். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆனாலும் கரையோரம் புதிதாக வெட்டிய அடிக்கட்டைகளைப் பார்க்கத்தான் செய்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். தீபத்துக்குச் சில நாள் முன்பு, மழை விட்ட ஒரு மத்தியானத்தில் குழி வெட்டினோம். முழங்கால் ஆழம், அதே அளவு அகலம். மேட்டு நிலத்தில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் குழியில் தண்ணீர் ஊறும். அடியில் காய்ந்த பனை ஓலையான காவோலையைக் கொஞ்சம் பரப்பிக் கொளுத்தி, அது பற்றி எரியும்போது பூவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். மொத்தமாகக் கொட்டினால் அடியில் இருப்பது சாம்பலாகும், மேலே இருப்பது பச்சையாகவே நிற்கும்.

இந்த இடத்தில் பார்வை முழுக்கப் புகையின் மேல் இருக்க வேண்டும். முதலில் வெள்ளையாக, திட்டுத் திட்டாக, கண்ணைக் கரிக்கிற புகை வரும். அது பூவில் மிச்சம் இருக்கிற ஈரம். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து லேசான நீல நிறத்துக்கு மாறும். பூ எல்லாம் உள்ளே செக்கச்செவேல் என்று கனிந்திருக்கும், உருவம் மட்டும் குலையாமல் இருக்கும். விரல் விரலாக, செதில் தெரிய, அப்படியே நெருப்பில் வார்த்த மாதிரி. மூட வேண்டிய நேரம் அதுதான். அதற்கு முன்னால் மூடினால் கரி வேகாமல் பழுப்பு நிறமாக நிற்கும், சுற்றும்போது பொறிக்குப் பதிலாகப் புகைதான் வரும். பிந்தி மூடினால் சாம்பல்தான் மிஞ்சும். "இப்போ!" என்று பெரியப்பா சொன்னதும் ஈரச் சாக்கைப் போட்டு, மேலே வாழை இலையைப் பரப்பி, மண்ணை அள்ளி மூடினோம். எங்கெங்கே புகை கசிகிறதோ அங்கெல்லாம் இன்னும் ஒரு கூடை மண். ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூடக் காற்று உள்ளே போய்விடும். காற்று போனால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். காற்று இல்லாமல் வெந்தால்தான் அது கரியாக நிற்கும்.

ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் மேல்மண்ணில் புறங்கையை வைத்துப் பார்த்து, துளிச் சூடும் இல்லை என்றால்தான் திறக்கலாம். கொஞ்சம் சூடு இருந்தாலும் காற்றுப் பட்டவுடன் மறுபடி பற்றிக்கொள்ளும்.

குழி ஆறுகிற அந்த ராத்திரியில் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பழைய கார்த்திகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தீபம் என்றால் திருவண்ணாமலை என்றே நமக்குப் பழக்கம். விடியற்காலையில் கோயிலுக்குள் பரணி தீபம், சாயங்காலம் 6 மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம். அந்த நேரத்தில்தான் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து காட்சி கொடுப்பார். பிரம்மாவும் திருமாலும் அடியும் முடியும் தேடிக் காணாத நெருப்புத்தூணாகச் சிவன் நின்ற கதையைத்தான் அந்த மலை நினைவுபடுத்துகிறது. கொப்பரையில் நெய்யும் திரியுமாக மூட்டுகிற தீபம் 11 நாள் எரியும். கொப்பரையில் படிகிற மையை எடுத்து ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்துவார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் மலையில் தீபம் ஏற்றிய பிறகுதான் வாசல் விளக்கை ஏற்றுவார்கள். முன்பு வானொலியைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள், இப்போது தொலைக்காட்சி.

ஆனால் மலையில் ஏற்றுகிற நெருப்பு அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதுதான் இந்தத் திருவிழாவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அது ஊர்க் கோயில் வாசலுக்கு வரும்போது சொக்கப்பனை. பனை மரத்தை நட்டு, சுற்றிலும் காவோலையை வைத்துக் கட்டி, சாமி புறப்பாடு வந்து நின்றதும் கொளுத்துவார்கள். மலையில் நின்ற நெருப்புத்தூண் இங்கே தெருவிலேயே நிற்கும். எரிந்து முடிந்ததும் கரியைக் கொஞ்சம் எடுத்து வந்து நெற்றியில் வைத்துக்கொள்வார்கள், வயலில் போடுவார்கள். பெருமாள் கோயில்களில் இதையே விஷ்ணு தீபம் என்று செய்கிறார்கள், ஸ்ரீரங்கத்திலும் சொக்கப்பனை உண்டு. கோயில் வாசலிலிருந்து வீட்டுக்கு வரும்போது அகல். மறுநாள் குப்பைக் கார்த்திகை என்று எருக்குழிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும்கூட ஒரு விளக்கு. அங்கிருந்து பிள்ளைகள் கைக்கு வரும்போது மாவலி. மலையில் தூணாக இருந்த நெருப்பு பிள்ளைகள் கையில் சக்கரமாகிறது. சாமி சன்னிதியில் நெருப்பைத் தொட அர்ச்சகருக்குத்தான் உரிமை. மாவலியில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

இது பழைய திருவிழா. மழைக்காலம் போய், நிலவு நிறைந்து, ஆறு விண்மீன்களின் கூட்டமான கார்த்திகையோடு சேர்கிற நடு இரவில் தெருவெல்லாம் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டு ஊர் கூடிக் கொண்டாடியதை அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்பதும் அந்த ஆறு மீனை வைத்துத்தான். மாவலிச் சக்கரவர்த்தியின் கதையையும் பெரியப்பா சொன்னார். வேதாரண்யம் கோயிலில் அணையப்போன விளக்குத் திரியை ஓர் எலி, மூக்குச் சுட, தெரியாமல் தூண்டிவிட்டது. அந்தப் புண்ணியத்தில் மூவுலகையும் ஆளும் மாவலியாகப் பிறந்தது. விளக்கைத் தூண்டிய எலிக்கு உலகத்தையே கொடுத்ததை அப்பர் திருக்குறுக்கைத் தேவாரத்தில் பாடியிருக்கிறார். பிள்ளைகள் சுற்றும்போது "மாவலியோ மாவலி!" என்று கூவுவது அந்த ராஜாவை அழைக்கத்தான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இந்த நாளில் பனங்குருத்தோலைக்குள் அரிசி மாவும் கருப்பட்டியும் வைத்து ஓலைக் கொழுக்கட்டை அவிக்கிறார்கள். எங்கள் பக்கம் பொரி உருண்டை. இரண்டையும் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓலை வாசம் ஏறிய கொழுக்கட்டைக்கு ஈடு இல்லை. சொக்கப்பனை, மாவலி, கொழுக்கட்டை என்று எல்லாவற்றிலும் பனை இருப்பதைப் பாருங்கள். மழைக்கால முடிவில் கையில் பணம் இல்லாத ஊர்களில் எந்த மரம் சும்மா கிடைத்ததோ, அதை வைத்தே முழுத் திருவிழாவையும் கட்டியிருக்கிறார்கள்.

காலையில் குழியைத் திறந்தோம். பூவின் உருவம் அப்படியே இருக்க, உடல் மட்டும் கன்னங்கரேல் என்று பளபளத்தது. ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினால் ஓட்டுச் சில்லைத் தட்டுகிற ஓசை வந்தது. நல்ல கரிக்கு அதுதான் அடையாளம். சாம்பல் படிந்தவற்றை ஒதுக்கிவிட்டு மற்றதை உரலில் இடித்தோம். மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவசியம், தூள் அப்படிப் பறக்கும். சாக்கு நிறையப் பூ போட்டாலும் பொடி கொஞ்சமாகத்தான் தேறும்.

பழைய வேட்டித் துணியில் சலித்தோம். இந்தப் பொடியின் பதத்தில்தான் பொறியின் அழகு இருக்கிறது. மை மாதிரி சன்னமாக இருந்தால் பொறி நெருக்கமாக, பூத்தூவல் போலக் கொட்டும், ஆனால் சீக்கிரம் மறையும். கொஞ்சம் கரகரப்பு இருந்தால் ஒவ்வொரு பொறியும் தூரம் போய் விழும். நாங்கள் சலித்த பொடியோடு சல்லடையில் நின்ற கப்பியில் கொஞ்சம் கலந்துகொண்டோம். விறகுக் கரியையும் தனியாக இடித்துச் சோதித்துப் பார்த்தேன். பனம்பூக் கரி அளவுக்குப் பொறி இல்லை. கல் உப்பைப் பொடித்துச் சேர்க்கிறவர்களும் உண்டு, படபடவென்று வெடிக்கும் என்பார்கள். மழை மாதத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் நாங்கள் சேர்க்கவில்லை.

துணி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். இதில் சமாதானமே கிடையாது. பாலியஸ்டர் கலந்த துணி உருகிச் சொட்டும், கையில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு பொசுக்கும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். கலப்பு நூல் சுருங்கிக் கடினமான கறுப்பு மணியாகும். பெரியம்மாவின் கிழிந்த பழைய பருத்திச் சேலை ஒன்று கிடைத்தது. துவைத்துத் துவைத்து மெலிந்த துணிதான் இதற்கு நல்லது.

சேலையை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, இரண்டு விரல் பருமனுக்குப் பை மாதிரி தைத்துக்கொண்டோம். அதில் பொடியை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. ஒரு கரண்டி போட்டு, தரையில் தட்டித் தட்டி இறக்கி, கட்டை விரலால் அழுத்தி, அப்புறம் அடுத்த கரண்டி. நிரம்பியதும் வாயைக் கட்டி, பலகை மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் உள்ளே இருக்கிற இடைவெளி எல்லாம் போய் உருளை கெட்டியாகும். அதன் மேல் நெடுகவும் நூலைச் சுற்றி, இரண்டு விரலுக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். தொட்டால் காய்ந்த வாழைக்காய் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் துணி எரிந்ததும் கரி கொத்தாகக் கழன்று விழும். இறுக்கமாக இருந்தால் நெருப்பு ஓரத்திலிருந்து மெதுவாகத் தின்றுகொண்டே வரும், அது தின்ற அளவுக்கு மட்டும் பொடி உதிரும்.

அடுத்தது மட்டை. பச்சையும் இல்லாமல் சருகும் இல்லாமல் இருக்கிற பனை மட்டையை எடுத்து, இரண்டு ஓரத்துக் கருக்கையும் அரிவாளால் சீவிவிட வேண்டும். ரம்பப் பல் மாதிரி இருக்கும் அந்தக் கருக்கு உள்ளங்கையைக் கிழித்துவிடும். சீவிய மட்டையை முழ நீளத்துக்கு வெட்டி, மூன்று சிம்பாகப் பிளந்து, நடுவில் உருளையை வைத்து, மேலும் கீழும் கட்டினோம். பெரியப்பா காலத்தில் மட்டையின் உள்நாரான அகணி நாரிலேயே கட்டுவார்களாம். அந்த நாரை உரித்துக் கொடுத்தார், கீழ்க்கட்டு அதில்தான் போட்டோம். மேல்கட்டில் மட்டும் கட்டட வேலைக்குப் பயன்படுத்துகிற கட்டுக்கம்பியைச் சேர்த்தோம். மொத்தத்தையும் தாங்குகிற முடிச்சு அது, சுற்றும் வேகத்தில் அறுந்தால் மொத்தமும் யார் மேலாவது போய் விழும். கயிறு தேங்காய் நார்க் கயிறு. நைலான் கூடவே கூடாது. கயிற்றின் நீளம் சுற்றுகிற பிள்ளையின் உயரத்தைப் பார்த்து. கையை உயர்த்திச் சுற்றும்போது தரையில் இடிக்காமல் இருந்தால் போதும். மட்டைப் பக்கம் வருகிற கயிற்றை ஒரு சாண் அளவுக்குத் தண்ணீரில் நனைத்துவிட்டோம்.

கட்டியதை எல்லாம் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தோம். கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். உருளை நமுத்துப்போனால் தீ ஏறாது.

தீபத்தன்று சாயங்காலம் வாசலிலும் மாடத்திலும் அகல் ஏற்றி முடித்ததும் பிள்ளைகள் ஏரிக்கரைப் பக்கம் காலி மைதானத்துக்குக் கிளம்பினார்கள். வைக்கோல் போரும் கூரை வீடும் பக்கத்தில் இல்லாத இடம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு. எல்லாரும் பருத்திச் சட்டை, பெண் பிள்ளைகள் தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொண்டார்கள். சுற்றுகிறவருக்கும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு ஒரு கோடு போட்டோம். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்கு வெளியேதான்.

மாவலிக்குத் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அடுப்பிலிருந்து தணல் எடுத்து வந்து உருளையின் கீழ்நுனியில் வைத்து ஊத வேண்டும். சுடர் வரக் கூடாது, கனல்தான் ஏற வேண்டும். துணி கருகி, உள்ளே கரி சிவக்க ஆரம்பித்ததும் தணலைத் தட்டிவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். முதலில் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும். காற்றுப் பட்டுக் கனல் மேலேறும். அப்புறம் ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்திதான் முதலில் சுற்றினாள். முதல் இரண்டு சுற்றில் சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. வேகம் கூடியதும் அந்தக் கோட்டிலிருந்து பொறி பிரிய ஆரம்பித்தது. பிறகு ஆளே தெரியவில்லை, அவளைச் சுற்றி ஒரு பொன் குடை விரிந்து நின்றது. "மாவலியோ மாவலி!" என்று கோட்டுக்கு வெளியே நின்ற பொடிசுகள் கத்திய கத்தில் தெருப் பெண்கள் விளக்கை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள்.

இவ்வளவு பொறி கொட்டியும் அவள் கையில் ஒரு கொப்புளம் இல்லை. பொறி ஒவ்வொன்றும் தூசி அளவு கரி. அது தாங்கும் சூடு கொஞ்சம்தான், காற்றில் பறந்து விழுவதற்குள் பெரும்பாலும் எரிந்து அணைந்துவிடுகிறது. சட்டையில் சில இடங்களில் கரிப்புள்ளி மட்டும் இருந்தது, துவைத்ததும் போய்விட்டது. ஆனாலும் உருளை உடைந்து பெரிய கங்கு விழுந்தால் நிச்சயம் சுடும். அதனால் ஒவ்வொரு தடவையும் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தோம்.

நன்றாக இறுக்கிக் கட்டிய மாவலியைப் பல பேர் மாற்றி மாற்றிச் சுற்ற முடிந்தது. நிறுத்தி வைத்தால் கனல் அடங்கி உள்ளேயே இருக்கும், மறுபடி ஆட்டினால் உயிர் பெறும். மத்தாப்பு அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், கம்பிதான் மிச்சம். மாவலி முடிந்த பிறகு மிஞ்சிய மட்டைச் சிம்பை வாளித் தண்ணீரில் முக்கி அணைத்து, காலையில் எருக்குழியில் போட்டோம்.

பொடி கொஞ்சம் மீதி இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவைத்தால் அடுத்த வருஷமும் ஆகும் என்கிறார் பெரியப்பா. பூ பொறுக்க ஆடியில் பிள்ளைகளையே கூட்டிப் போகலாம் என்று பேசியிருக்கிறோம். ஏரிக்கரையில் வெட்டிய இடங்களில் பனை விதை ஊன்றவும் கேட்டிருக்கிறேன். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், கொட்டையை அங்கேயே புதைத்தால் போதும். ஆண் மரமா பெண் மரமா என்பது பாளை விடும்போதுதான் தெரியும், அதற்கு 12 வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் கொஞ்சமாக ஊன்றிப் பயனில்லை, கரை நெடுக ஊன்றவேண்டும். அதுவரைக்கும் கரையில் மிச்சம் நிற்கிற ஆண் மரங்களைச் சூளைக்கு விற்க வேண்டாம் என்று நிலத்துக்காரர்களிடம் பெரியப்பா பேசிவருகிறார். மாவலி சுற்றிய பிள்ளைகளின் அப்பாக்களும் இப்போது அவரோடு போகிறார்கள்.